மெதுவாகப் போகும்போது பிடிக்காத பிரேக்

(ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டக் குடும்பங்களும் சாரதிகளும் கூடிய கூட்டமொன்றில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)



நலன்புரிக் கூட்டம் என்றால் பிள்ளைகளின் போசாக்கு, குடிதண்ணீர், மலசலகூடம், சேமிப்பு என்றுதான் நாம் பேசுவது வழக்கம். இன்றைக்குக் கெப் வண்டியின் பிரேக்கைப் பற்றிப் பேசப் போகிறோம். “அது கராஜ்காரர் பார்க்கிற வேலைதானே, நமக்கு என்ன?” என்று சிலர் நினைக்கலாம். அந்தக் கெப்பில் ஏறிப் போகிறவர்கள் நாம். அது வருகிற பாதையில் விளையாடுகிறவர்கள் நம்முடைய பிள்ளைகள். ஆகவே இது நம்முடைய விஷயம்தான்.

2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு நம்முடைய ஆட்கள் மலைப்பாதையைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும் நிறையப் பேசுகிறார்கள். நல்லது, பேசத்தான் வேண்டும். ஆனால் நாம் பேசுவதெல்லாம் பெரிய இறக்கம், பெரிய வேகம், பெரிய பள்ளம் பற்றியே இருக்கிறது. ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறோம். லயத்து வாசலில், கொழுந்து மடுவத்துக்கு முன்னால், பிள்ளை மடுவத்து வளைவில், ஆள் நடக்கிற வேகத்தில் வண்டி வரும்போது யாரும் கவனிப்பதில்லை. “மெதுவாகத்தானே வருது” என்று விட்டுவிடுகிறோம்.

ஒரு கணக்குப் பாருங்கள். மணிக்கு 10 கிலோமீற்றர் வேகம் என்பது ஓடுகிற பிள்ளையின் வேகம். அந்த வேகத்தில் வரும் வண்டி ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 9 அடி நகர்ந்துவிடும். பிரேக் இரண்டு செக்கன் பிந்திப் பிடித்தால் 18 அடி. லயத்து வாசலுக்கும் பாதைக்கும் இடையில் 18 அடி எத்தனை இடத்தில் இருக்கிறது? நீங்களே சொல்லுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இன்றைக்கு ஓடுகிற கெப் வண்டிகள் பலவற்றில் ஏ.பி.எஸ். என்று ஒன்று இருக்கிறது. பிரேக்கை அழுத்தி மிதித்தால் சில்லு சுற்றாமல் இறுகிவிடும். இறுகிய சில்லு பாதையில் வழுக்கும். அப்போது ஸ்டேரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. மழை நாளில் இதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படி இறுகாமல் இருப்பதற்காக ஒவ்வொரு சில்லின் பக்கத்திலும் ஒரு சென்சர் வைத்திருக்கிறார்கள். சில்லோடு சேர்ந்து பல்லு வைத்த ஒரு வளையம் சுற்றும். சென்சர் அந்தப் பல்லுகளை எண்ணி, சில்லு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று ஒரு சின்னக் கம்பியூட்டருக்குச் சொல்லும். ஒரு சில்லு இறுகப் போகிறது என்று தெரிந்தால், அந்தச் சில்லின் பிரேக்கை விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, ஒரு செக்கனில் பல தடவை செய்யும். அப்போது பெடல் காலுக்கடியில் நடுங்கும், கர்கர் என்று சத்தம் வரும். 1978இல் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் செய்த ஏ.பி.எஸ். பென்ஸ் காரில் வந்தது. பிறகு பிக்கப் வண்டிகளுக்கும் வந்தது. பிக்கப்பில் சாமான் இல்லாதபோது பின்பக்கம் பாரமில்லாமல் இருக்கும், பின் சில்லு சட்டென்று இறுகும். அதனால் 1980களின் கடைசியில் அமெரிக்கப் பிக்கப்புகளில் முதலில் பின் சில்லுகளுக்கு மட்டும்தான் போட்டார்கள்.

நல்ல சாமான்தான். அதில் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் சென்சர் பொய் சொன்னால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது. 2005 ஓகஸ்ட் மாதம் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி சுமார் 8 இலட்சம் பிக்கப் வண்டிகளையும் ஜீப் மாதிரியான பெரிய வண்டிகளையும் திருத்துவதற்குத் திருப்பி அழைத்தது. 1999 முதல் 2002 வரையான மொடல்கள். அந்த நாட்டில் பனி விழும் மாநிலங்களில் பாதையில் உப்புத் தூவுவார்கள். உப்புத் தண்ணீர் தெறித்து, முன் சில்லு சென்சர் உட்காரும் இடத்தில் துரு ஏறியது. துரு தடித்து, சென்சரை வளையத்திலிருந்து கொஞ்சம் தள்ளிவிட்டது. கொஞ்சம் என்றால் கண்ணுக்கே தெரியாத அளவு. அந்த வகைச் சென்சர் வேகமாகச் சுற்றும்போது பலமாகப் பேசும், மெதுவாகச் சுற்றும்போது மெல்லப் பேசும். இடைவெளி கூடினால், வேகத்தில் ஒன்றும் தெரியாது. வண்டி நிற்கப் போகிற கடைசி நேரத்தில், மணிக்கு 16 கிலோமீற்றருக்கும் குறைந்த வேகத்தில், அதன் குரல் கேட்காமல் போய்விடும். கம்பியூட்டர் என்ன நினைக்கும்? “இந்தச் சில்லு இறுகிவிட்டது, பிரேக்கை விடு” என்று நினைக்கும். காய்ந்த பாதை, நல்ல டயர், நல்ல பிரேக். ஆனாலும் நிற்க வேண்டிய வண்டி நிற்காமல் உருளும்.

திருத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. சென்சரைக் கழற்றி, துருவைச் சுரண்டித் துடைத்து, துரு பிடிக்காத மருந்து பூசி, தேவையானால் புதுச் சென்சர் போட்டார்கள். அவ்வளவுதான்.

“நம்ம ஊரில் பனியும் இல்லை, உப்பும் இல்லையே” என்று நீங்கள் கேட்கலாம். உப்பு இல்லை, உரம் இருக்கிறது. உர மூட்டை ஏற்றிய கெப்பை அன்றைக்கே கழுவுகிறோமா? உரமும் ஒரு வகை உப்புதான். மழை ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைத் தின்னும். அதோடு நம்முடைய சேறு, கல் அடித்து அறுந்த வயர், ஆட்டம் கண்ட பெயரிங், பிரேக்கிலிருந்து உதிர்ந்து சென்சர் நுனியில் ஒட்டிக்கொள்ளும் இரும்புத் தூள், ஒரு பக்கம் ஒரு அளவு டயர், மறுபக்கம் வேறு அளவு டயர். இவை எல்லாமே சென்சரைக் குழப்பும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏ.பி.எஸ். பழுதில்லாமல் இருந்தாலும் நம்முடைய தோட்டப் பாதையில் அதற்குச் சில பலவீனங்கள் உண்டு. சல்லிக் கல் பாதையில் இறுகிய சில்லு கல்லைத் தனக்கு முன்னால் குவித்து வண்டியை நிறுத்தும். ஏ.பி.எஸ். சில்லை இறுக விடாது, ஆகவே அங்கே வண்டி நிற்க இன்னும் தூரம் எடுக்கும். குண்டு குழியில் ஒரு சில்லு துள்ளும் நேரத்தில் பிரேக் மிதித்தாலும், அது ஒரு கணம் பிரேக்கை விட்டுவிடும். நடக்கிற வேகத்துக்கும் குறைந்தால் ஏ.பி.எஸ். வேலை செய்வதே இல்லை. அது பழுதல்ல, அதன் அமைப்பே அப்படித்தான். “ஏ.பி.எஸ். இருக்கு, பயமில்லை” என்ற பேச்சு தார் ரோட்டுக்குச் சரி, மலைக்குள் இருக்கிற பாதைக்குச் சரியில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்லுகிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். கெப் ஒன்று கொழுந்து மடுவத்துக்கு வந்து நிற்கப் போனது. நிற்கவில்லை. தராசுக் கம்பத்தில் இடித்து, கொழுந்துச் சாக்கு இரண்டின் மேல் ஏறித்தான் நின்றது. சாக்குக்குப் பக்கத்தில் நின்ற அம்மா ஒரு அடி தள்ளி நின்றதால் பிழைத்தார். எல்லோரும் டிரைவர் தம்பியைத்தான் பிடித்தார்கள். “போட்டிருக்கியா?” என்று கேட்டார்கள், வாயை முகர்ந்து பார்த்தார்கள். “மிதிச்சேன் ஐயா, பெடல் நடுங்கிச்சு, வண்டி நிக்கல” என்று அவர் சொன்னதை யாரும் காதில் போடவில்லை. இரண்டு நாள் வேலை கொடுக்கவில்லை. பிறகு கராஜில் கழற்றிப் பார்த்தபோது முன் சில்லுச் சென்சரைச் சுற்றி ஒரே துருவும் சேறும். டாஷ்போர்டில் ஏ.பி.எஸ். லைட் பல நாளாக விட்டு விட்டு எரிந்திருக்கிறது. தொந்தரவாக இருக்கிறதென்று அதன்மேல் யாரோ கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள்.

இதில் இரண்டு அநியாயம் நடக்கப் பார்த்தது. ஒன்று, ஒரு தாயின் உயிர். இரண்டு, ஒரு தொழிலாளியின் பெயர். டேப் ஒட்டிய கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆகவே வண்டி நிற்கவில்லை என்று ஒரு சாரதி சொன்னால், அவரை ஏசுவதற்கு முன்னால் வண்டியைப் பாருங்கள். அதே மாதிரி சாரதித் தம்பிமாரும் முதல் நாள் பெடல் நடுங்கும்போதே வாய் திறந்து சொல்ல வேண்டும். இடித்த பிறகு சொன்னால் சாக்குப்போக்கு என்றுதான் எடுப்பார்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, காலையில் பிரட்டுக்குப் போவதற்கு முன் சாவியைத் திருப்பி டாஷ்போர்டைப் பாருங்கள். ஏ.பி.எஸ். லைட் எரிந்து, சில செக்கனில் அணைய வேண்டும். அணையாவிட்டால் ஏ.பி.எஸ். வேலை செய்யவில்லை. சாதாரண பிரேக் இருக்கும், ஆனால் சில்லு இறுகும், மெதுவாகக் கராஜுக்குக் கொண்டுபோங்கள். லைட் எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம், அதையும் பாருங்கள். சிவப்பு பிரேக் லைட்டும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

இரண்டாவது, லைட்டை மட்டும் நம்ப வேண்டாம். துருப்பிடித்த சென்சர் லைட்டைக் காட்டாமலும் ஏமாற்றும். ஆள் இல்லாத, காய்ந்த, சமமான இடத்தில் மெதுவாக ஓட்டி, சாதாரணமாக மிதித்து நிறுத்திப் பாருங்கள். நிற்கப் போகிற கடைசிச் சில அடியில் பெடல் நடுங்கி, கர்கர் சத்தம் வந்தால், அதுதான் அடையாளம். அன்றைக்கே சொல்லுங்கள்.

மூன்றாவது, நோயைச் சரியாகப் பிரித்துச் சொல்லுங்கள். “பிரேக் சரியில்லை” என்று மட்டும் சொன்னால் பாஸுக்கு ஒன்றும் விளங்காது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஒயில் அல்லது காற்று. நீண்ட இறக்கத்துக்குப் பிறகு கருகல் வாசமும் பிடிமானக் குறைவும் என்றால் சூடு. பெடல் கெட்டியாக இருந்து, மெதுவான வேகத்தில் நடுங்கினால் ஏ.பி.எஸ். இந்த மூன்றும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு வேறு.

நான்காவது, ஓடும்போதே அப்படி நடந்தால் காலை எடுக்காதீர்கள். பழைய வண்டி மாதிரி மிதித்து மிதித்து விடவும் வேண்டாம். அழுத்தியே பிடியுங்கள், கியரைக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைப் படிப்படியாக இழுங்கள், ஹோர்ன் அடியுங்கள், மண்மேட்டுப் பக்கம் திருப்புங்கள். லயத்துப் பாதையில் எப்போதும் முதலாம் கியரில் வந்தால் பாதி ஆபத்து வருவதற்கு முன்பே போய்விடும்.

ஐந்தாவது, உரம் ஏற்றிய நாளிலும் சேற்றில் ஓடிய நாளிலும் சில்லின் உள்பக்கத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். டயர் மாற்றும்போது சென்சர் வயரையும் ஒரு பார்வை பாருங்கள். பியூஸைக் கழற்றி ஏ.பி.எஸ்.ஸை நிறுத்துகிற வித்தையை நீங்களாகவே செய்ய வேண்டாம். மழை நாளில் அந்தப் பாதுகாப்பு வேண்டியிருக்கும்.

ஆறாவது, புகைப் பரிசோதனைச் சீட்டைக் காட்டி “வண்டி செக் பண்ணியாச்சு” என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அது புகைக்குத்தான். பிரேக்கை அங்கே யாரும் பார்ப்பதில்லை.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டி நின்ற பிறகு ஏறுங்கள், நின்ற பிறகு இறங்குங்கள். வருகிற வண்டிக்கு முன்னால் சாக்கை வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம், பக்கவாட்டில் நில்லுங்கள். “நம்ம தம்பிதானே ஓட்டுறான், நிறுத்திருவான்” என்று நம்பி நிற்கிறோம். தம்பி நிறுத்தத்தான் பார்ப்பார், வண்டி கேட்க வேண்டுமே! பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். ஏதாவது நடந்துவிட்டால் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், அந்த இலக்கம் எல்லா வீட்டிலும் தெரிந்திருக்கட்டும்.

கடைசியாக, வாகனப் புத்தகம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கொப்பி இருக்கட்டும். என்ன பழுது, எந்தத் திகதி சொன்னோம், யாரிடம் சொன்னோம், எப்போது திருத்தினார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதி வைத்தது சாரதிக்கும் காவல், தோட்டத்துக்கும் காவல். கொப்பி இல்லாத வண்டி இருந்தால், இந்த மாதம் முடிவதற்குள் ஒன்றை வாங்கி முதல் பக்கத்தை எழுதிக் கொண்டுவந்து காட்டுங்கள். கொப்பி வாங்குவதற்கு வேண்டிய ஏற்பாட்டை நாங்கள் செய்து தருகிறோம்.