அணு என்றால் குண்டல்லவா?



உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளிவந்ததும் பலாபத்வலையில் என் வீட்டுக்குப் பெற்றோர் வருவது வழக்கம். ஒருமுறை வந்த தகப்பனார் ஒருவர் நாற்காலியின் விளிம்பிலேயே அமர்ந்திருந்தார். அவருடைய மகள் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் நன்கு சித்தியடைந்தவள். மருத்துவ பீடத்துக்கு மட்டும் புள்ளிகள் சற்றே போதவில்லை. பேராதனையில் ரேடியோகிராபி பயின்று, பின்னர் அணு மருத்துவத் துறைக்குச் செல்வேன் என்கிறாளாம்.

"ஐயா, அணு என்றால் குண்டல்லவா? பெண்பிள்ளையை அதற்குள் விடலாமா?" என்றார்.

நானோ கலைப்பட்டதாரி. அசோகச் சக்கரவர்த்தியைப் பற்றிக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு, அதற்குள் படித்தறிந்தவற்றையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

நமது கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி, உணவிலுள்ள அயடீனைத் தேடி எடுத்துக்கொள்ளும் இயல்புடையது. அவ்வியல்பையே வைத்தியர்கள் பயன்படுத்திக்கொண்டனர். 1941ஆம் ஆண்டிலேயே பொஸ்டன் நகரில் சோல் ஹேட்ஸ் என்னும் வைத்தியர் கதிரியக்க அயடீனைக் கொடுத்துச் சிகிச்சை செய்தார். எக்ஸ்ரேயில் கதிர் இயந்திரத்திலிருந்து வரும். இங்கே மருந்து உடலினுள் சென்று, அங்கிருந்து கதிர் புறப்படும். அதனை வாங்கிப் படமாக்குவது காமா கமரா.

படமெடுப்பதற்குப் பெரிதும் வழங்கும் தெக்னீசியம்-99எம் என்பதன் வலிமை 6 மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். காலை 8 மணிக்கு 100 பங்கு என்றால் பிற்பகல் 2 மணிக்கு 50. இரவு 8 மணிக்கு 25. தம்புள்ளையிலிருந்து வரும் நோயாளியின் பஸ் தாமதித்தால் கணக்கை மீண்டும் போடவேண்டும். அக்கணக்கும், நோயாளியை அசையாமல் கிடத்துவதும், அஞ்சுகிறவருக்கு ஆறுதல் கூறுவதும் தொழில்நுட்பவியலாளரின் கடமை. விசையை அழுத்தும் வேலை என்றே நான் எண்ணியிருந்தேன்!

ஆபத்து இல்லையென்று அத்தகப்பனாரிடம் நான் சொல்லவில்லை. மருந்தின் அருகே நிற்கும் நேரத்தைக் குறைப்பர், தூர விலகுவர், ஈயத்தால் மறைப்பர், உடலிற் பட்ட கதிரை அளக்கும் சிறு கருவியை மார்பில் அணிவர். கர்ப்பிணிகள் உடனே அறிவித்துப் பணியை மாற்றிக்கொள்ளுதல் வேண்டும்.

பேராதனையில் அது 4 ஆண்டுப் படிப்பு, போதனை ஆங்கிலத்தில். இதே துறைக்கெனத் தனிப்படிப்பு நாடுவோர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களைப் பார்க்கலாம், செலவு வேறு. நம் நாட்டில் அணு மருத்துவப் பிரிவுகள் சிலவே. ஆகையால் ரேடியோகிராபிப் பட்டத்தை முதலிற் பெறுதலே என் யோசனை. அத்துறையில் இடம் கிடைக்காவிடினும் எக்ஸ்ரேப் பிரிவில் தொழில் உண்டு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

"பேராதனையிலிருந்து பின்னேரத்தில் இங்கு வர பஸ் உண்டா, ஐயா?"

"கண்டியிலும் மாத்தளையிலும் மாறினால் உண்டு" என்றேன்.