சாவிக்கொத்தும் குழந்தை வலிப்பும்

(சதுரங்கப்பட்டினம் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இந்த ஊரில் பேச வருகிறவர்கள் டச்சுக்காரன் கோட்டையையோ, பக்கத்துக் கல்பாக்கத்து அணுமின் நிலையத்தையோ சொல்லாமல் பேச்சை ஆரம்பிப்பதில்லை. நாமும் சொல்லிவிடுகிறோம். அணுவைப் பிளந்து மின்சாரம் எடுக்கிற இடம் உங்களுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. ஆனால் காய்ச்சலில் ஒரு குழந்தைக்குக் கைகால் இழுத்துக்கொண்டால் நம் ஜனங்கள் முதலில் தேடுவது எதை? சாவிக்கொத்தை! அது அகப்படாவிட்டால் வெங்காயம், பழைய செருப்பு. பிறகு மந்திரிக்கிறவன். டாக்டர் அதற்கும் பிறகுதான். இது இந்த ஊர்க் குற்றம் மாத்திரமல்ல. தமிழ்நாடு முழுவதும் இந்தக் கதைதான்.

இந்த வலிப்பு என்பது என்ன? நம் மூளையில் சேதிகள் சின்னஞ்சிறு மின்சாரத் துடிப்பாகவே ஓடுகின்றன. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள சில குழந்தைகளின் மூளை, காய்ச்சல் வரும்போது ஒரே சமயத்தில் கட்டுக்கடங்காமல் துடித்துவிடுகிறது. உடனே கண் மேலே செருகுகிறது, பல் கிட்டுகிறது, கைகால் வெட்டுகிறது. இதற்குக் காய்ச்சல் வலிப்பு என்று பெயர். பல குடும்பங்களில் தகப்பனுக்கோ தாய்க்கோ சிறு வயதில் வந்தது பிள்ளைக்கும் வருகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 100 குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு வருகிறது. ஜப்பானில் இன்னும் அதிகம். அந்த ஜப்பான் குழந்தைகள் மேல் எந்தப் பட்சியின் நிழல் விழுந்தது என்று நமது பட்சிதோஷக்காரர்கள் சொல்வார்களா?

பட்சிதோஷம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பக்கத்துத் திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் கழுகுக்குச் சோறு வைத்து, அது வந்து தின்பதைப் பார்த்தால் புண்ணியமென்று ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வீட்டுக்குத் திரும்பியபின் பிள்ளைக்கு வலிப்புக் கண்டால், பறவை நிழல் பட்டுவிட்டது என்றார்கள். மலைமேல் பறந்தால் புண்ணியம், கூரைமேல் பறந்தால் தோஷமா?

சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டு ஹிப்பாக்ரட்டீஸின் பேரால் வழங்கும் வைத்திய நூல்கள், கடுங்காய்ச்சலில் சிறு குழந்தைகளுக்கு இழுப்பு வரும் என்றும், வலிப்பு தெய்வத்தால் வந்த நோயல்ல என்றும் எழுதிவிட்டன. நாம் இன்னும் எலுமிச்சம்பழத்தை விட்டபாடில்லை!

"சாவி கொடுத்தோம், நின்றதே!" என்று கேட்பீர்கள். நிற்கத்தான் செய்யும். காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடுகிறது. எல்லாப் பித்தலாட்டமும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சாவியைத் தேட ஒரு நிமிஷம். கையில் திணிக்க அரை நிமிஷம். அதற்குள் வலிப்பு முடிகிற சமயம் வந்துவிடுகிறது. கத்தரிக்காயைக் கொடுத்திருந்தாலும் நின்றிருக்கும். மந்திரிக்கிறவன் வந்து சேரும்போது பிள்ளை அசந்து தூங்குகிறது. வலிப்புக்குப்பின் அப்படித் தூங்குவது இயற்கை. அவனோ, "பேய் இறங்கிவிட்டது, தட்சணை வை" என்கிறான். நின்றால் மந்திரம், நிற்காவிட்டால் தலைவிதி! இரண்டிலும் அவனுக்கு நஷ்டமில்லை.

நம் வயிற்றில் ஒரு தழும்பு இருக்கிறது. இரண்டு வயதில் நமக்கு இழுப்பு வந்தபோது ஒருவன் கம்பியைக் காய்ச்சிச் சூடு போட்டது. அந்தச் சூடுதான் நம்மைப் பிழைக்க வைத்தது என்று நம் தாயார் சாகும்வரை நம்பினார்கள். அவர்களை நாம் குறை சொல்லமாட்டோம். அந்த அம்மாளுக்கு வேறு வழி சொல்ல ஆளில்லை. ஆனால் தானே நின்றுபோன வலிப்புக்காகக் குழந்தையைச் சுடுவது வைத்தியமாகுமா? நமக்குத் தழும்போடு போயிற்று. சூட்டுப்புண் சீழ்பிடித்துச் செத்த குழந்தை மேடையேறிப் பேசமுடியாது அல்லவா?

அமெரிக்காவில் இப்படி வலிப்பு வந்த 1706 குழந்தைகளை 7 வயது வரை கவனித்து, 1970-களில் முடிவு வெளியிட்டார்கள். வலிப்பினால் ஒரு குழந்தையும் சாகவில்லை, கைகால் முடங்கவுமில்லை. கூடப்பிறந்தவர்களோடு ஒப்பிட்டதில் அறிவும் குறையவில்லை. ஆனால் மூன்றில் ஒரு குழந்தைக்கு மறு காய்ச்சலில் திரும்ப வரக்கூடும். பாராசிட்டமால் உடம்பு நோவைக் குறைக்குமே தவிர, வலிப்பைத் தடுப்பதாகத் தெரியவில்லை. ஆகவே, "மருந்து கொடுக்கத் தாமதித்தாய், நீதான் காரணம்" என்று தாயை ஏசுகிற மாமியாரும் புருஷனும் வாயை மூடிக்கொள்ளலாம்.

அப்படியானால் சும்மா இருப்பதா? இல்லை. குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்துத் துணியைத் தளர்த்துங்கள். வாயில் கரண்டியோ, விரலோ, தண்ணீரோ, பாலோ, எதுவும் வேண்டாம். ஊற்றினது நுரையீரலுக்குப் போகும். கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். சாவியைத் தேடுகிற கண்ணைக் கடிகாரத்தில் வையுங்கள். 5 நிமிஷம் தாண்டினால் 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நின்றுவிட்டாலும், முதல் தடவையானால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஏனென்றால், காய்ச்சலோடு வருகிற எல்லா வலிப்பும் சாதுவானதல்ல. 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, ஒரே நாளில் திரும்பத் திரும்ப வருவது, ஒரு பக்கம் மாத்திரம் இழுப்பது, கழுத்து விறைப்பது, நின்றபின்னும் தெளியாமல் கிடப்பது ஆகியவை மூளைக்காய்ச்சலாக இருக்கக்கூடும். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் உயிர். மந்திரிக்கிறவன் வாசலில் போகிற அந்த ஒரு மணி நேரந்தான் பிள்ளையைக் கொல்லுகிறது. நூறு சாதுவான வலிப்பில் அவன் வாங்கிய பேருக்கு, நூற்றோராவது குழந்தை விலை கொடுக்கிறது.

இன்னொரு கொடுமை, பெண் குழந்தைக்குச் சூட்டுகிற "வலிப்புக்காரி" என்ற பட்டம். காய்ச்சல் வலிப்பு காக்காய் வலிப்பல்ல. மிகப் பெரும்பாலோர்க்கு அப்படி ஆவதுமில்லை. அப்படியே ஆனாலுந்தான் என்ன? 1955-ம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டத்தில் காக்காய் வலிப்பு மணத்துக்குத் தடையாக இருந்தது. அதையும் 1999-ல் எடுத்துவிட்டார்கள். சட்டம் கைவிட்டதை ஊர் வாய் கைவிட வேண்டாமா?

தோழர்களே! நாம் சொன்னதற்காக எதையும் நம்பவேண்டாம். டாக்டரைக் கேளுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், யோசியுங்கள். சாவி பூட்டைத் திறக்கத்தான். அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் பிள்ளையைக் கவனியுங்கள்.