பெயர் இல்லாத காய்ச்சல்

 

ஏலத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குக் கட்டே நோய் தெரியும். இலையில் வெளிர்பச்சைக் கோடுகள் விழும். செடி குன்றிப்போகும். காய் குறையும். அந்தச் செடியை வேரோடு பிடுங்கி அழிப்பார்கள். இந்த நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். அசுவினிப் பூச்சி அதைச் செடிக்குச் செடி சுமந்து போகிறது. அசுவினியைக் கண்ணால் பார்க்கலாம். வைரஸைப் பார்க்க முடியாது. பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பில்கூடத் தெரியாது. இலையில் விழும் கோடுதான் அது வந்துவிட்டதைச் சொல்லும்.

மனிதருக்கு நோய் தரும் வைரஸும் அப்படித்தான். அது விட்டுப்போகும் தடத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

“புதிய வைரஸ்” என்று செய்தித்தாளில் போடுகிறார்கள். அது நேற்றுப் பிறந்ததா? பெரும்பாலும் இல்லை. காட்டில், வௌவாலின் உடம்பில், உண்ணியின் வயிற்றில் நெடுங்காலமாக இருந்திருக்கும். மனிதருக்குத்தான் அது புதிது.

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் இப்போது அடிக்கடி காதில் விழும் பெயர் நிபா. அது கண்டுபிடிக்கப்பட்ட கதையைக் கேளுங்கள்.

1998ஆம் ஆண்டு. மலேசியா நாடு. பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தது. தலைவலி வந்தது. பிறகு நினைவு தப்பியது. பலர் இறந்தார்கள். அது கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தார்கள். தடுப்பூசியும் போட்டார்கள். சாவு நிற்கவில்லை.

சிலருக்குச் சந்தேகம் வந்தது. கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல் குழந்தைகளைத்தானே அதிகம் தாக்கும்? இங்கே விழுந்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போகும் பெரியவர்கள். அதுவும் பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்கள். கொசுவுக்குப் பன்றிக்காரர் யார், பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று தெரியுமா?

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்ற மருத்துவர் இருந்தார். 1999 மார்ச் மாதம், நோயாளியின் உடலிலிருந்து எடுத்த நீரைச் சோதித்தார். அதில் இதுவரை யாரும் காணாத ஒரு வைரஸ் இருந்தது. அதைப் பத்திரமாக அமெரிக்காவுக்கு எடுத்துப் போனார். அங்குள்ள ஆய்வுக்கூடமும் அது புதியது என்று உறுதி செய்தது. அந்த நோயாளியின் ஊர் சுங்கை நிபா. ஊரின் பெயரே வைரஸுக்குப் பெயர் ஆயிற்று. ஊர்க்காரர்களுக்கு அது பெருமை இல்லை, பாவம்!

அதற்குள் மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துவிட்டார்கள். பத்து லட்சம் பன்றிகளை அழித்தார்கள்.

பன்றிக்கு நோய் எங்கிருந்து வந்தது? சுவா அதையும் தேடினார். பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பை விரித்தார். நம் ஊரில் மிளகு காயவைக்க விரிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். வௌவாலின் சிறுநீர் அதில் சொட்டியது. கடித்துப் போட்ட பழமும் விழுந்தது. இரண்டிலும் நிபா வைரஸ் இருந்தது. அந்தச் சிறுநீரில் வேறொரு புதிய வைரஸும் கிடைத்தது. தியோமான் தீவில் கிடைத்ததால் அதற்குத் தியோமான் வைரஸ் என்று பெயர். ஒரு விரிப்பும் பொறுமையும் போதுமாக இருந்தது!

நிபாவால் வௌவாலுக்கு நோய் வருவதில்லை. அது பாட்டுக்குப் பறக்கும், தின்னும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2001 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் சிலிகுரி நகரில் ஒரு காய்ச்சல் பரவியது. 66 பேருக்கு வந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மருத்துவமனை ஊழியர்களும் இறந்தார்கள். என்ன நோய் என்று அப்போது தெரியவில்லை. எடுத்து வைத்திருந்த ரத்தத்தைப் பின்னர் சோதித்தார்கள். அது நிபா என்ற அறிக்கை 2006ஆம் ஆண்டுதான் வெளிவந்தது. பெயர் தெரியவே ஐந்து ஆண்டுகள்!

இப்போது கோழிக்கோட்டைப் பாருங்கள். 2018 மே மாதம். ஒரு குடும்பத்தில் ஒரு இளைஞர் காய்ச்சலில் இறந்தார். சில நாளில் அவருடைய அண்ணனுக்கும் அதே காய்ச்சல். அப்பாவுக்கும் அத்தைக்கும் வந்தது. அண்ணனைத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மருத்துவர்கள் விசாரித்தார்கள். “வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா?” என்ற கேள்விதான் வழி காட்டியது. ஒரே வீட்டில், ஒரே மாதிரி, இத்தனை பேரா? இது சாதாரணக் காய்ச்சல் இல்லை என்று முடிவு செய்தார்கள். மணிப்பால் ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி போனது. புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனமும் சோதித்தது. சில நாட்களிலேயே நிபா என்று உறுதியாயிற்று.

அப்படியும் 17 உயிர்கள் போயின. அவர்களில் ஒருவர் லினி என்ற செவிலியர். பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் அந்தக் குடும்பத்து நோயாளியைக் கவனித்தவர். அவர் கவனித்தபோது நோய்க்குப் பெயர் தெரியாது. முன்னமே தெரிந்திருந்தால் அவரைக் காப்பாற்றியிருக்கலாமோ, என்னவோ. பெயர் தெரிந்த பிறகு நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, தனியாக வைத்துக் கவனித்தார்கள். நோய் அதற்குமேல் பரவவில்லை.

கேரளத்தில் நிபா மீண்டும் மீண்டும் வந்தது. 2019இல் எர்ணாகுளத்தில் ஒருவருக்கு வந்தது. அவர் பிழைத்தார். அப்போது இடுக்கி மாவட்டம் தொடுபுழாப் பக்கத்திலும் வௌவால்களைப் பிடித்துச் சோதித்தார்கள். அந்த ஆண்டு சோதித்த 36 பழந்தின்னி வௌவால்களில் 12இல் நிபாவின் தடம் இருந்தது. 2025 ஜூலையில் பாலக்காடு மாவட்டத்திலும் நோய் உறுதியானது.

வௌவால் மட்டும் இல்லை. 1957இல் கர்நாடகத்தில் ஷிமோகா அருகே கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. விறகுக்குப் போன மக்களுக்கும் காய்ச்சல் வந்தது. குரங்குச் சாவையும் காய்ச்சலையும் சேர்த்துப் பார்த்தார்கள். உண்ணி கடித்துப் பரவும் ஒரு புதிய வைரஸ் தெரியவந்தது. பின்னாளில் அது வயநாட்டுக்கும் வந்தது. 1964இல் வேலூர் தோட்டப்பாளையத்தில் பிடித்த ஒரு மூஞ்சூறிலும் புதிய வைரஸ் கிடைத்தது. உலகம் அதைத் தோட்டப்பாளையம் வைரஸ் என்றே அழைக்கிறது.

ஆகவே காட்டோரம் இருப்பவர்கள் குரங்கு செத்துக் கிடந்தால் தொட வேண்டாம். வனக்காவலரிடமோ ஆஷா பணியாளரிடமோ சொல்லுங்கள். காய்ச்சலோடு மயக்கம், பிதற்றல், மூச்சுத் திணறல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எங்கே வேலை செய்தீர்கள், வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்று கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நிபாவுக்கென்று தடுப்பூசி இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

வௌவாலைக் கல்லால் அடித்து விரட்டலாமா? வேண்டாம். இந்த மரத்தை விட்டு அந்த மரத்துக்குப் போகும், அவ்வளவுதான். விதையைத் தூவி மரம் வளர்ப்பதும் அதுதான்.

வௌவால் கடித்த மாம்பழத்தை, கொய்யாவை மாட்டுக்கோ பன்றிக்கோ போடலாமா? கூடாது. மலேசியாவில் பன்றிக் கொட்டடிக்குப் பக்கத்திலேயே பழமரங்கள் நின்றன. நோய் அந்த வழியில்தான் பன்றிக்கு இறங்கியது என்று கருதுகிறார்கள். கடித்த பழத்தை வெறும் கையால் எடுக்காமல், குழி தோண்டிப் புதையுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். நல்ல பழத்தையும் கழுவித் தோல் சீவிக் குழந்தைக்குக் கொடுங்கள்.