ஒரே சங்கம், நடுவில் ஒரு கோடு

அமெரிக்காவில் சின்ன ஊர்களுக்குப் போகிற விமானங்களில் டெல்டா, யுனைடெட்னு பெரிய பேர் எழுதியிருக்கும். டிக்கெட்டை உத்துப் பார்த்தால், ஓட்டுவது வேறொரு கம்பெனி. பைலட்டுக்குச் சம்பளம் கொடுப்பதும் அந்தக் கம்பெனிதான். ஒரு நிறுவனத்தின் பேரில் இன்னொருத்தர் பறக்கும் இந்த ஏற்பாட்டைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

ஆரம்பத்தில் இது யாருக்கும் உறுத்தலை. துணைக் கம்பெனிகளிடம் இருந்தது பெரும்பாலும் 19, 30 சீட் புரொப்பல்லர் விமானங்கள். 1993-இல் கோம்ஏர் நிறுவனம் 50 சீட் சிஆர்ஜே ஜெட்டைக் கொண்டுவந்தது. கிட்டத்தட்ட பெரிய ஜெட்டின் வேகம், ஆனா பைலட் சம்பளம் குறைவு. பெரிய கம்பெனி பைலட்டுகளுக்கு அப்போதான் பயம் வந்தது: "நம்ம ரூட்டே போயிடுமோ?"

அவங்க கையில் இருந்த ஆயுதம் ஒப்பந்தத்தில் உள்ள 'ஸ்கோப்' விதி. வெளியாளுக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாதுன்னு அது சொல்லும். எத்தனை சீட், எவ்வளவு எடை, எத்தனை விமானம்னு எண்களால் ஒரு கோடு போட்டாங்க.

இங்கேதான் சிக்கல். டெல்டா பைலட்டுகளுக்கும் கோம்ஏர் பைலட்டுகளுக்கும் ஒரே சங்கம், ஆல்பா. ஒரு உறுப்பினரைக் காப்பாத்தப் போட்ட கோடு, இன்னொரு உறுப்பினரின் வளர்ச்சியைத் தடுத்தது. 2001-இல் கோம்ஏர் பைலட்டுகள் 89 நாள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க, சம்பளம் கூடுச்சு. அதே வருஷம் அவர்களில் சிலர் தங்கள் சங்கத்து மேலேயே வழக்கும் போட்டாங்க. ஆனா செலவு கூடின கம்பெனியைவிட மலிவான கம்பெனிகள் பக்கத்திலேயே காத்திருந்தன. 2012-இல் கோம்ஏரை டெல்டா மூடிவிட்டது.

செப்டம்பர் 2001-க்குப் பிறகு வந்த திவால் காலத்தில் கோடு தளர்ந்தது. பெரிய மூன்று நிறுவனங்களிலும் இன்று எல்லை 76 சீட், 86,000 பவுண்டு எடை. எம்ப்ரேயரின் புதிய இ175-இ2 அதைவிடக் கனம். அதனால் அமெரிக்கத் துணைக் கம்பெனிகளால் அதை ஓட்ட முடியலை. யுனைடெட்டோ 70 சீட் வைக்கக்கூடிய சிஆர்ஜே விமானத்தில் 50 சீட் மட்டும் வைச்சு பறக்குது. பொறியாளர் சொல்லவில்லை, ஒப்பந்தம் சொன்னது!

அந்தக் கோட்டை நான் குறை சொல்லலை. அது இல்லையென்றால் எல்லா வேலையும் மலிவான இடத்துக்கே போயிருக்கும். ஆனா கோட்டுக்கு வெளியே நின்றவரும் அதே பொறுப்போடுதான் பறந்தார். அவரை உள்ளே கொண்டுவர வழி தேடாமல், கோட்டை மட்டும் காத்ததுதான் என் பார்வையில் தவறு. உங்களுக்கு என்ன தோணுது, சொல்லுங்க.