பொத்தானில் பிறந்த பாட்டு

நடுவர் அவர்களே! எதிரணி அம்மா என்ன சொன்னாங்க? "வீடியோ கேம் ஆடுற பிள்ளைக்கு ரசனையே செத்துப்போச்சு"ன்னாங்க. கைதட்டினீங்க. இதையும் கேளுங்க.

1986-இல் ஜப்பானில் 'டிராகன் குவெஸ்ட்' வந்தது. கொயிச்சி சுகியாமா இசை. அந்தப் பெட்டியில் ஒரே நேரத்தில் மூணு நாலு குரல்தான் ஒலிக்கும். அதற்குள்ளே மெட்டுப் போட்டார் மனுஷன்! மறுவருஷமே டோக்கியோவில் அதை ஆர்கெஸ்ட்ரா வாசித்தது.

2022 ஆகஸ்ட் 1. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். 1895-இல் தொடங்கிய பிராம்ஸ் விழாவில் முதன்முறையாக வீடியோ கேம் இசைக்கென்றே ஒரு கச்சேரி. மகன் கூட்டிக்கிட்டுப் போனான். யோக்கோ ஷிமோமுரா அம்மையாரின் 'கிங்டம் ஹார்ட்ஸ்' இசை எழும்புது. பையன் கண்ணைத் துடைக்கிறான். "ஏன்டா?"ன்னேன்.

"ஊரு மாறி வந்தப்ப, பேச ஆளில்லாத வருஷம் எனக்கு இதுதாம்ப்பா துணை"ங்கறான்.

ஒரே வீடு நடுவர் அவர்களே, ஒரே சாப்பாடு. அவன் தனியா இருந்த சேதியை எனக்கு வயலின் வந்து சொல்லுது!

அழத் தெரிஞ்ச பிள்ளைக்கா ரசனை இல்லை? பிள்ளை காதில் மாட்டியிருப்பதை ஒருநாள் வாங்கிக் கேட்டுட்டு, அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்க.