நாலு பேர் சேர்ந்து ஆடிய ஆட்டம்

(நமது குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியது)



போன மாதம் வேனில் கல்வராயன் மலைக்குப் போனோம் அல்லவா? பெரியார் நீர்வீழ்ச்சி வரை பிள்ளைகள் ஆளுக்கொரு போனில் கேம் ஆடிக்கொண்டே வந்தார்கள். நான் குறை சொல்லவில்லை. ஆனால் மனிதர்கள் சேர்ந்து உட்கார வேண்டும் என்றே கம்ப்யூட்டர் கேம் செய்த ஒருவர் இருந்தார். அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

பெயர் டான் பன்டன். 1949-ல் அமெரிக்காவில் பிறந்தவர். சிறு வயதில் தன் குடும்பம் சேர்ந்து சந்தோஷமாக இருந்தது விளையாடும் நேரத்தில்தான் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1978-ல் ஆப்பிள் கம்ப்யூட்டருக்கு நாலு பேர் ஆடும் ஏல விளையாட்டு ஒன்றைச் செய்தார். விற்றது 50 பிரதிதான். ஆனாலும் விடவில்லை. 1983-ல் 'மியூல்' வந்தது. அட்டாரி கம்ப்யூட்டரில் நாலு ஜாய்ஸ்டிக் செருகலாம் என்பதால் அதற்கென்றே எழுதினார்.

புதுக் கிரகத்தில் குடியேறிய நாலு பேர் உணவு, எரிசக்தி, கனிமம் எல்லாம் உற்பத்தி செய்து, ஏலத்தில் விற்று வாங்க வேண்டும். வங்கியில் நகை ஏலம் பார்த்த எனக்கு இது உடனே புரிந்தது. இதில் ஒரு நியாயமும் வைத்தார்: முதலில் இருப்பவருக்கு அதிர்ஷ்டம் அடிக்காது, கடைசியில் இருப்பவருக்குக் கெடுதல் வராது. அதனால் யாரும் பாதியில் எழுந்து போக மாட்டார்கள்.

1992-ல் அவர் பெண்ணாக மாறி, டேனியெல் பன்டன் பெர்ரி ஆனார். கூவாகம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1998 மே மாதம் வாழ்நாள் சாதனை விருது கிடைத்தது. ஜூலையில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 49. பிறகு வந்த புகழ்பெற்ற 'தி சிம்ஸ்' விளையாட்டை, அதைச் செய்த வில் ரைட் அவர் நினைவுக்கே சமர்ப்பித்தார்.

இதை ஏன் சொல்கிறேன்? நான் வேலையில் இருந்தபோது கணக்கு முடித்து வீடு வர இரவு எட்டாகும். என் மகனோடு ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. இன்று அவன் வெளியூரில். போனில் பேசுவது இரண்டு நிமிடம்.

அதனால் ஒரு வேண்டுகோள். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் கீழ்த்தள ஹாலுக்கு வாருங்கள். கேரம் போர்டு இருக்கிறது, பரமபதமும் தாயக்கட்டையும் நான் கொண்டு வருகிறேன். கம்ப்யூட்டர் கேம்தான் வேண்டும் என்றால் அதையும் டிவியில் போட்டு நாலு பேராக ஆடுங்கள். எனக்கும் ஒரு இடம் வையுங்கள்.