விபத்தும் விதியும்
(ஒரு சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், ரோட்டில் மோட்டார் வண்டிகளால் அடிபடுகிறவர்களுடைய கதியைப் பற்றியதாகும். இது வக்கீல்கள் பேசவேண்டிய விஷயமல்லவா, இந்த மேடையில் இதற்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் வக்கீல் வீட்டுப் படி ஏறுவதற்கு முன்பே, அடிபட்டவனை ரோட்டிலிருந்து தூக்குகிற போதே, அவனுடைய வழக்கில் பாதி தோற்றுப்போய் விடுகிறது. தோற்கடிக்கிறவர்கள் எதிரிகளுமல்ல. அவனுடைய சொந்த பந்துக்களும், அவர்கள் மண்டைக்குள் குடியிருக்கும் விதி என்கிற எண்ணமுமேயாகும். ஆதலால்தான் இதை உங்கள் முன் பேசத் துணிந்தேன்.

ஒரு லாரி ஒரு தச்சனுடைய கையை நசுக்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுகிற கூட்டம் என்ன சொல்லுகிறது? "தலையெழுத்து" என்கிறது. "நேரம் சரியில்லை" என்கிறது. "ஏதோ உயிராவது பிழைத்ததே" என்கிறது. வீட்டிற்குப் போனால் ஜாதகத்தைப் புரட்டி, ஏழரை நாட்டுச் சனி என்று ஒருவர் கண்டுபிடிக்கிறார். அதற்குப் பரிகாரம் என்று இன்னும் கொஞ்சம் பணம் செலவாகிறது. கை போனவனே கடனும் வாங்குகிறான். லாரிக்காரருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? குற்றம் சனியின் பேரில் ஏற்பட்டுவிட்ட பிறகு லாரியின் பேரில் ஏது குற்றம்?

சனிதான் காரணமென்றால், அந்த லாரிக்கு இன்ஷ்யூரன்ஸ் கொடுக்கிற கம்பெனிக்காரர் அல்லவா முதலில் ஜாதகம் பார்க்க வேண்டும்? அவர் பார்க்கிறாரா? லாரி எத்தனை டன் எடை, கார் எவ்வளவு சக்தி என்றுதான் கேட்டுக் கட்டணம் விதிக்கிறார். டிரைவர் எந்த நட்சத்திரம் என்று கேட்கிறதில்லை. பணம் போட்டு வியாபாரம் செய்கிறவனுக்கு விதியில் நம்பிக்கை இல்லை. பணம் வரவேண்டியவனுக்குத்தான் விதியில் நம்பிக்கை இருக்கிறது. இது எவ்வளவு வேடிக்கை பாருங்கள்.

கடவுள் செயலா?

இது பாமர ஜனங்களோடு நிற்கிற எண்ணம் என்று நினைத்துவிடாதீர்கள். 1980ம் வருஷத்தில் உச்சநீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைச் சொல்லுகிறேன். இருட்டிய பிறகு ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. எதிரே உயர் மின்சாரக் கம்பி தாழ்ந்து தொங்கியது. உள்ளே இருந்தவர்கள் அதைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். டிரைவர் நிறுத்தவில்லை. 26 பேருக்குச் சேதம் ஏற்பட்டு, அதில் 8 பேர் அந்த இடத்திலேயே மாண்டார்கள். கிரிமினல் வழக்கு நடந்தது. டிரைவர் விடுதலையானார். என்ன காரணத்தால்? நடந்தது கடவுள் செயல் என்பதனால்!

நஷ்டஈட்டு வழக்கில் பஸ் கம்பெனியார் இதையே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் நஷ்டஈட்டு மன்றமும், ஹைகோர்ட்டும், கடைசியாக உச்சநீதிமன்றமும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கிரிமினல் வழக்கு வேறு, நஷ்டஈட்டு வழக்கு வேறு, ஒன்றில் விடுதலை ஆனதால் மற்றதும் போய்விடாது என்று நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். கம்பியைக் கடவுள் தொங்கவிட்டாரா, மனிதன் தொங்கவிட்டானா என்பது ஒருபுறமிருக்கட்டும். பிரேக் டிரைவர் காலடியில் அல்லவா இருந்தது?

தப்பு யாருடையது?

தப்பு யாருடையது என்று கண்டுபிடிப்பது எப்படி? பெரிய வண்டி மோதினால் பெரிய வண்டியின் பேரில்தான் தப்பு என்பதும் சரியல்ல. பின்னாலிருந்து மோதியவன் பேரில்தான் எப்போதும் தப்பு என்பதும் சரியல்ல. இரவில் விளக்கோ அடையாளமோ இல்லாமல் நடு ரோட்டில் நிறுத்தப்பட்ட லாரியில் மோட்டார் சைக்கிள்காரன் மோதினால், நிறுத்தினவனும் பதில் சொல்ல வேண்டியவனே. ரோட்டின் அகலம் என்ன, டயர் தேய்ந்த கோடு எங்கே இருக்கிறது, கண்ணாடித் தூள் எந்தப் பக்கம் கிடக்கிறது, எந்த வண்டிக்கு எங்கே அடி, பிரேக் வேலை செய்ததா என்கிற இவைகள்தான் சாட்சி. போலீசார் தயாரிக்கும் மகஜரும், வரைபடமும், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையும் இதற்காகவே ஏற்பட்டவைகள்.

சில சமயங்களில் சம்பவமே பேசிவிடும். ஓடிக்கொண்டிருந்த கார் ரோட்டை விட்டு விலகி மரத்தில் போய் மோதியது. மரம் நடந்து வந்து காரில் மோதாது. ஆகையால் ஏன் விலகியது என்று காரை ஓட்டியவர் தரப்புதான் சொல்ல வேண்டும் என்பது 1977ல் உச்சநீதிமன்றம் ஒப்புக்கொண்ட நியாயம்.

மேலும் கொலை வழக்கில் போல, சந்தேகத்திற்கு இடமில்லாமல் ருஜுப்பிக்க வேண்டும் என்பது இங்கே இல்லை. இரண்டு தரப்புக் கதைகளில் எது அதிகம் நடந்திருக்கக்கூடியது என்று பார்த்தாலே போதும். இதை அறியாமல், "சாட்சி இல்லையே" என்று எத்தனையோ ஏழைகள் வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அடிபட்டவன் பேரிலும் கொஞ்சம் தப்பு இருந்தால் என்ன? அப்போதும் வழக்கு அடியோடு போய்விடாது. அவன் பங்குக்குத் தக்கபடி தொகையில் குறையும். நூற்றுக்கு இருபது பங்கு அவனுடையது என்றால், எண்பது பங்கு அவனுக்கு வரும். ஆனால் எது தப்பு என்பதிலும் பகுத்தறிவு வேண்டும். ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் போனது சட்டவிரோதந்தான். ஆனால் மூன்று பேர் போனதால்தான் விபத்து நேர்ந்தது, அல்லது காயம் அதிகமாயிற்று என்று காட்டினாலொழிய, அதைச் சொல்லித் தொகையைக் குறைக்கக்கூடாது என்று 2020ல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டு, யாதொரு தப்பும் செய்யாத மூன்றாவது ஆள் அடிபட்டால், அவன் இரண்டில் எந்த வண்டிக்காரரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். பங்கு பிரித்துக்கொள்வது அவர்கள் பாடு.

ஒரு கையின் விலை

சரி, தொகை எவ்வளவு? டாக்டர் எழுதுகிற ஊன சதவிகிதம் ஒன்று. பிழைப்புக்கு ஏற்பட்ட நஷ்டம் வேறொன்று. 2010ல் உச்சநீதிமன்றம் இதற்கு ஒரு நல்ல உதாரணம் சொல்லிற்று. இடது கையை எடுத்துவிட்டால் ஊனம் நூற்றுக்கு அறுபது என்று டாக்டர் எழுதலாம். சர்க்கார் உத்தியோகத்தில் உள்ள குமாஸ்தாவுக்குக் கை போனாலும் உத்தியோகம் போகாமலிருக்கலாம். ஆனால் தச்சனுக்கும் டிரைவருக்கும் அதே கை போனால், பிழைப்பு நூற்றுக்கு நூறும் போய்விடும்.

இதைக் கணக்காகவே பார்த்துவிடுவோம். நான் சொன்ன தச்சனுக்கு வயது 32, மாதம் 15,000 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தத் தொழில் செய்கிறவன் 40 வயதுக்கு உட்பட்டவனானால், பிற்காலத்தில் வருமானம் உயரும் என்பதற்காக நூற்றுக்கு 40 சேர்க்க வேண்டும் என்பது 2017ம் வருஷத்துத் தீர்ப்பு. ஆக மாதம் 21,000, வருஷத்திற்கு 2,52,000. 31 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு இதை 16 ஆல் பெருக்க வேண்டும் என்பது 2009ம் வருஷத்துத் தீர்ப்பு. பெருக்கினால் 40,32,000 ரூபாய். ஊனம் 60 என்று மட்டும் எடுத்துக்கொண்டால் 24,19,200 ரூபாய்தான் கிடைக்கும். ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்டதற்கும் கேட்காததற்கும் வித்தியாசம் 16 லட்சத்துக்கு மேல்! இதோடு வைத்தியச் செலவு, இனிமேல் ஆகும் வைத்தியச் செலவு, படுத்திருந்த நாளின் கூலி, பட்ட வேதனை, பார்த்துக்கொண்ட ஆளின் செலவு எல்லாம் தனி. மனுவின் பேரில் வட்டியும் உண்டு.

இவ்வளவையும் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் லாரிக்காரருடைய ஆள் கொடுக்கிற பத்தாயிரத்தை வாங்கிக்கொண்டு வெள்ளைத் தாளில் கைநாட்டுப் போட்டுக் கொடுக்கிறோமே, இதை என்னவென்று சொல்லுவது?

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

வீட்டில் இருக்கும் பெண் அடிபட்டால், "இவளுக்கு ஏது வருமானம்?" என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. நம் வீட்டு ஆண்பிள்ளைகளும், ஆமாம், சும்மாதானே இருந்தாள் என்கிறார்கள். விடியுமுன் எழுந்து நடுநிசிவரை உழைக்கிறவள் சும்மா இருந்தவளாம்! ஜனத்தொகைக் கணக்கிலும் அவளைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் சேர்த்து, வேலை செய்யாதவர்கள் என்று எழுதியிருந்ததை 2010ல் உச்சநீதிமன்றம் கண்டித்தது. வீட்டு வேலைக்கும் வருமானம் மதிப்பிட்டே நஷ்டஈடு தரவேண்டும் என்பதை 2021லும் வற்புறுத்தியிருக்கிறது. கோர்ட்டார் ஒப்புக்கொண்ட பிறகும் புருஷன்மார் ஒப்புக்கொள்ளவில்லையானால் என்ன செய்வது?

செய்யவேண்டியவை

முதலாவது, அடிபட்டவனைத் தூக்குங்கள். தூக்கினவனைப் போலீசு இழுத்தடிக்கும் என்கிற பயம் வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவுகிறவனுக்கு 2019ம் வருஷத்துச் சட்டத் திருத்தம் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. மோதிய வண்டியின் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். கையில் செல்போன் இருக்கிறதே, அதில் அடிபட்டவன் துடிப்பதைப் படம் எடுக்காமல் வண்டி நிற்கிற நிலையையும், டயர்க் கோட்டையும் எடுங்கள்.

இரண்டாவது, ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்டு முதலில் எழுதுகிறார்களே, அங்கே உண்மையைச் சொல்லுங்கள். "கீழே விழுந்துவிட்டான்" என்று அன்றைக்குச் சொல்லிவிட்டு, பிறகு லாரி மோதியது என்றால் யார் நம்புவார்கள்? போலீசில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து நகல் வாங்குங்கள். வைத்தியச் சீட்டு, மருந்து ரசீது ஒன்றைக்கூட எறியாதீர்கள்.

மூன்றாவது, மனுவைக் காலத்தில் போடுங்கள். விபத்து நடந்த ஊர் மன்றத்திலோ, நீங்கள் குடியிருக்கும் ஊர் மன்றத்திலோ போடலாம். 6 மாதத்திற்குள் போடவேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் திருத்தம் சொல்லுகிறது. இந்தக் கெடு செல்லுமா என்கிற கேள்வி உச்சநீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆகையால் கெடு தாண்டியவர்கள் மனந்தளராமல் வக்கீலைக் கேளுங்கள்; தாண்டாதவர்கள் அதை நம்பிக் காலம் கடத்தாதீர்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கும், பழங்குடி மக்களுக்கும், உடல் ஊனமுற்றோருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் வக்கீல் இலவசமாகவே கிடைப்பார்.

நான்காவது, அடித்துவிட்டு ஓடிப்போன வண்டி இன்னதென்றே தெரியாவிட்டாலும் கை விரிக்கவேண்டியதில்லை. இறந்தால் 2 லட்சம், கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாய் என்று சர்க்கார் திட்டம் இருக்கிறது. தாசில்தாரிடமோ கோட்டாட்சியரிடமோ கேளுங்கள். வண்டி தெரிந்து, தப்பை ருஜுப்பிக்க வழியே இல்லையென்றால், தப்பு யாருடையது என்று பாராமலே சாவுக்கு 5 லட்சமும் கொடுங்காயத்திற்கு 2½ லட்சமும் கேட்கச் சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. ஆனால் இதை வாங்கிக்கொண்டால் பெரிய தொகைக்குப் போட்ட மனு போய்விடக்கூடும். ஆதலால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியாக, வண்டி வைத்திருக்கும் தோழர்களுக்கும் ஒன்று சொல்லுவேன். புது வண்டி வாங்கியதும் கோயில் வாசலில் நிறுத்தி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கித் திருஷ்டி கழிக்கிறீர்கள். இன்ஷ்யூரன்சைப் புதுப்பிக்க மட்டும் மறந்துவிடுகிறீர்கள். மூன்றாம் ஆளுக்கு ஏற்படும் சேதத்திற்காக இன்ஷ்யூரன்ஸ் செய்தே தீரவேண்டும் என்பது 1946 முதல் இந்நாட்டில் அமலில் உள்ள சட்டம். அது இல்லாமல் ஒருவனை அடித்துவிட்டால், தீர்ப்புத் தொகைக்கு உங்கள் வீடும் நிலமும் ஜப்திக்கு வரும். அன்று எலுமிச்சம்பழம் வந்து சாட்சி சொல்லாது. அதுபோலவே, நடக்காத விபத்தை நடந்ததாகவும், ஓட்டாதவனை ஓட்டினதாகவும் எழுதிப் பணம் வாங்குவது சுத்தத் திருட்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் திருட்டினால் சந்தேகத்திற்கு ஆளாகிறவன், உண்மையாகவே கை கால் போன ஏழை.

தோழர்களே! நஷ்டஈடு என்பது தர்மமல்ல, கருணையுமல்ல. ஒருவன் கவனக்குறைவால் மற்றவனுடைய பிழைப்பைக் கெடுத்தால் அதற்குக் கணக்குத் தீர்க்கவேண்டியது நியாயம். கேட்பவன் யாசகம் கேட்கவில்லை. தன் கையின் கடனைக் கேட்கிறான். ஆனால் விதியின் பேரில் பழியைப் போட்டவனுக்குக் கேட்பதற்கு ஆள் இல்லை. மனிதன் பேரில் தப்பு என்று கண்டவனுக்குத்தான் கேட்கவும் இடமுண்டு, நாளைக்கு அதே இடத்தில் இன்னொருவன் அடிபடாமல் தடுக்கவும் வழியுண்டு. நான் சொன்னதற்காகவே நம்பிவிடாமல், உங்கள் ஊரில் அடிபட்டு வீட்டோடு கிடக்கிறவர்களை நாளைக்கே போய்ப் பார்த்து, அவர்களுக்கு என்ன நடந்தது, என்ன வந்தது, என்ன வராமல் போயிற்று என்று கேட்டு, உங்கள் சொந்தப் புத்தியால் ஆராய்ந்து முடிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.